ஸ்க்ராப்பி என்று யாரைச் சொல்லலாம்?

பிப்ரவரி 1, 2025, சனி. சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

நம் ஆங்கில வகுப்பில் இந்த மாதம் முழுக்க ஒரே சொல்: ஸ்க்ராப்பி (scrappy). ஆள் சிறிசு, கையில் காசும் கிடையாது, எதிரே நிற்பவன் மலை மாதிரி. ஆனாலும் முட்டி மோதுவான், விழுந்தால் எழுந்து மறுபடி மோதுவான். அப்படிப்பட்டவனுக்கு ஆங்கிலத்தில் போடும் அடைமொழி இது. ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கும் கோயில் சிற்பிகளும் சமையற்காரர்களும் கடைப் பையன்களும் ரக்பி பேச்சில் இதைக் கேட்டுவிட்டு அர்த்தம் கேட்கிறார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் வீட்டு மொழி. அவர்கள் "ஃபைட் பண்ற ஆள்" என்று முடித்துவிடுவார்கள். அது பாதி விளக்கம்தான்.

தமிழில் ஒற்றைச் சொல்லாக ஈடு அகப்படவில்லை. விடாக்கண்டன் என்றால் பிடிவாதம் வருகிறது, சிறியவன் என்பது வரவில்லை. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்றால் சிறுமை வருகிறது, சண்டை வரவில்லை. முறத்தால் புலியை விரட்டிய பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரி பெரிது, ஆயுதம் வீட்டுச் சாமான், பின்வாங்கும் எண்ணமே கிடையாது. மூன்றும் சேர்ந்தால்தான் ஸ்க்ராப்பி.

பிப்ரவரி 8, சனி

குழப்பம் எல்லாம் வேரில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஸ்க்ராப் என்று ஒரே ஒலியில் இரண்டு சொற்கள். ஒன்று துண்டு துணுக்கு. காயலான் கடைக்குப் போகுமே, அந்த ஸ்கிராப். இன்னொன்று கைகலப்பு. இரண்டிலிருந்தும் தனித்தனியே அடைமொழி பிறந்து, இரண்டுமே ஸ்க்ராப்பி என்று ஆகிவிட்டது. துணுக்கு வழியில் வந்ததற்குக் கோர்வையற்ற, ஒழுங்கில்லாத என்று பொருள். கைகலப்பு வழியில் வந்தது, நாம் படிக்கும் பாராட்டு. அமெரிக்கர்கள் பெரும்பாலும் பாராட்டாகவே சொல்வார்கள். பிரிட்டிஷ் வழக்கில் குறையாகவும் நிறைய வரும். தென்னாப்பிரிக்க ஆங்கிலம் அந்த வழக்கை ஒட்டியது.

பிரித்தறிய ஒரு வழி: அடுத்து வரும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். ஆள், அணி, நாய்க்குட்டி, சின்னக் கம்பெனி என்று போராடக்கூடிய ஏதாவது வந்தால் பாராட்டு. வேலை, கட்டுரை, ஆட்டம் என்று வந்தால் குறை. "ஷி இஸ் எ ஸ்க்ராப்பி பிளேயர்" என்றால் சளைக்காமல் மல்லுக்கட்டுகிறவள். "இட் வாஸ் எ ஸ்க்ராப்பி கேம்" என்றால் பந்து அங்கும் இங்கும் சிதறி, பார்க்கவே சகிக்காத ஆட்டம். "எ ஸ்க்ராப்பி வின்" நடுவில் நிற்கிறது: ஜெயித்தார்கள், ஆனால் அழகாக இல்லை.

இந்த ஊர்க்காரர்களுக்கு வலிக்கும் உதாரணம்தான் மனதில் நிற்கும். 2015 செப்டம்பர் 19, உலகக் கோப்பை ரக்பி, இங்கிலாந்தின் பிரைட்டன். அதற்குள் இரண்டு முறை கோப்பையை வென்றிருந்த தென்னாப்பிரிக்க அணியை, ஸ்பிரிங்பாக்ஸை, ஜப்பான் 34-32 என்று வீழ்த்தியது. கடைசி நிமிடத்தில் பெனால்டி உதைத்துச் சமன் செய்திருக்கலாம். அதை வேண்டாம் என்று ஸ்க்ரம் (இரு அணியும் தோளோடு தோள் முட்டிப் பந்துக்குத் தள்ளுவது) கேட்டு, டிரை (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்துவது) போட்டு ஜெயித்தார்கள். "ஜப்பான் வேர் எ ஸ்க்ராப்பி சைட்" என்று சொல்லலாம், மிகப் பொருத்தம். "இட் வாஸ் எ ஸ்க்ராப்பி மேட்ச்" என்று சொன்னால் தப்பு. அத்தனை அருமையான ஆட்டம் அது.

பிப்ரவரி 11, செவ்வாய். தைப்பூசம்

வகுப்பு கிடையாது. எழுத்து மட்டும்: இரண்டு பி போட வேண்டும். ஒன்றை விட்டால் ஸ்க்ரேப்பி என்று வாசிப்பார்கள். அந்த ஒலியில் செம்மறி ஆட்டு நோய் ஒன்று இருக்கிறது. ஒப்பிடும்போது ஸ்க்ராப்பியர், ஸ்க்ராப்பியஸ்ட். லிட்டில் சேர்த்தால் அது பின்னால்தான் வரும்: "எ ஸ்க்ராப்பி லிட்டில் டீம்". லிட்டில் ஸ்க்ராப்பி என்று மாற்றினால் காதில் இடறும்.

பிப்ரவரி 15, சனி

உச்சரிப்பில் இரண்டு பள்ளம். நமக்கு மெய்யெழுத்தில் சொல்லைத் தொடங்கிப் பழக்கமில்லை, அதனால் இஸ்க்ராப்பி என்று வருகிறது. அதையாவது காது பொறுக்கும். அந்த இ-யைத் திருத்தப் போய் ஸ்-ஸையே விழுங்கிவிடுகிறார்கள், அதுதான் ஆபத்து. மிஞ்சுவது கிராப்பி; அதற்கு ஒன்றுக்கும் உதவாத என்று பொருள், அதுவும் கொச்சையாக. முதலாளி மகனின் கிரிக்கெட் டீமைப் பாராட்டப் போய் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மருந்து எளிது. தனிச் சொல்லாகப் பழகாமல் முன்னால் எ சேர்த்துப் பழகுங்கள்: அஸ்-க்ராப்-பி. உயிரெழுத்து ஏற்கெனவே வந்துவிட்டதால் இ தேவைப்படாது, ஸ் தானாக ஒட்டிக்கொள்ளும். பத்து முறை சொன்ன பிறகு "திஸ் ஸ்க்ராப்பி டீம்" சொல்லிப் பாருங்கள்; இரண்டு ஸ்-ஸும் ஒரே நீண்ட ஒலியாக வர வேண்டும். ஸ்க்ரஃபி வேறு சொல்: பரட்டைத் தலை, அழுக்குச் சட்டை. அதில் ஃப-வை விட்டுவிட்டால் இரண்டும் கலந்துவிடும்.

நேர்முகத் தேர்வில் "ஐ ஆம் ஸ்க்ராப்பி" வேண்டாம். சின்னப் புதுக் கம்பெனிகளில் இது குறைந்த காசில் காரியம் முடிப்பவன் என்று எடுபடும். மற்ற இடங்களில் ஒழுங்கில்லாதவன் என்று காதில் விழக்கூடும். அங்கே ரிசோர்ஸ்ஃபுல் (இருப்பதை வைத்துச் சமாளிப்பவர்) என்பதே பாதுகாப்பு.

பிப்ரவரி 22, சனி

தில்லையாடி வள்ளியம்மை இறந்த நாள், 1914. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போய், நோயோடு வெளியே வந்து, 16 வயதில் போனார். பலமில்லாதவர், எதிரே ஓர் அரசாங்கம், பின்வாங்கவில்லை. இலக்கணப்படி எல்லாம் பொருந்துகிறது. அவரை ஸ்க்ராப்பி என்று சொல்லலாமா?

கூடாது. இந்தச் சொல்லில் மேலிருந்து கீழே பார்க்கும் பார்வை ஒன்று ஒட்டியிருக்கிறது. பாசம் உண்டு, ஆனால் குட்டிப் பயலின் தலையைத் தடவிக்கொடுக்கும் பாசம். உயிரைக் கொடுத்தவருக்கு அது அளவு போதாத சட்டை. ரெசொல்யூட், ஸ்டெட்ஃபாஸ்ட்: உறுதி குலையாதவர் என்று பொருள்படும் இந்த இரண்டில் ஒன்றைப் போடுங்கள். நோயோடு போராடுபவர், வேலைநிறுத்தத்தில் நிற்பவர், வயதில் மூத்தவர், இவர்களிடமும் ஸ்க்ராப்பியைத் தவிர்ப்பதே மரியாதை. விளையாட்டு, சின்ன வியாபாரம், குழந்தைகள், நாய்க்குட்டி, இங்கெல்லாம் தாராளமாக.

மார்ச் 1, சனி

பங்காளிச் சொற்கள். பிளக்கி: பிளக் என்றால் அறுத்த ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் எல்லாம் சேர்ந்த கொத்து. நம் ஈரக்குலையேதான். நமக்கு ஈரக்குலை நடுங்கும். அவர்களுக்கு அது தைரியம் இருக்கும் இடம். தோற்றவர்களைத் தேற்ற அதிகம் பயன்படுவதால், ஜெயித்தவரிடம் பிளக்கி என்றால் சுரத்தில்லாமல் போகும். கிரிட்டி: கிரிட் என்பது பருமணல், சோற்றில் கல் கடிபடும் நறநறப்பு. ஆளைச் சொன்னால் நெஞ்சுரம். படத்தைச் சொன்னால் வாழ்க்கையின் கரடுமுரடைப் பூசி மெழுகாமல் காட்டும் படம்.

டாகெட் (dogged) மிகவும் உபயோகம். கவ்வியதை விடாத நாய். அடைமொழியாக வரும்போது டாக்-கிட் என்று இரண்டு அசை. வினையாக வரும்போது ஒரே அசை. ஸ்க்ராப்பிக்கு எதிராளி வேண்டும், டாகெட்டுக்கு வேண்டாம். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையில் ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தானையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1921-இல் 34 பேரோடு தொடங்கியது, ஏறக்குறைய 90 கிலோமீட்டர், கெடு 12 மணி நேரம். பதினோராவது மணியில் காலை இழுத்துக்கொண்டு வருபவர் யாரோடும் மோதவில்லை, கடிகாரத்தோடுதான் போராடுகிறார். அவர் டாகெட்.

அந்தச் சாலையோரத்தில் கேட்கக்கூடிய, இந்த நாட்டு ஆஃப்ரிகான்ஸ் மொழிச் சொல் ஃபாஸ்பெய்ட் (vasbyt). இறுகக் கடித்துக்கொள் என்று பொருள். நம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்பதற்கு வெகு பக்கம். எழுத்தில் வி இருந்தாலும் ஒலி ஃப. "ஷோ சம் ஃபாஸ்பெய்ட்" என்று பெயர்ச்சொல்லாக வரும், தனியாகக் கூவவும் செய்வார்கள். அடைமொழியாக ஆளின் முன்னால் ஒட்ட வேண்டாம்.