மூலையில் இருந்த பெயர்

தருமபுரி பேருந்து நிலையத்துக்கு எதிரே புதிதாக ஒரு ஃபிளெக்ஸ். ஒகேனக்கல் பரிசல் படம். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நம்ம போட்டோகிராபர் அண்ணன் எடுத்தது.

கீழ் மூலையில் மட்டும் தண்ணீர் மங்கலாக இருந்தது. அவர் பெயர் இருந்த இடம். தேய்த்து அழித்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்ததே அந்த மூலையைப் பார்த்துத்தான்.

"விடுங்க, ஒரு படத்துக்குக் கோர்ட்டுல என்ன கிடைச்சிடும்?" என்றார் கூட வந்தவர்.

கிடைக்கும். 1957 பதிப்புரிமைச் சட்டம், 55-வது பிரிவு: தடை உத்தரவு கேட்கலாம், இழப்பீடு கேட்கலாம், எதிராளி பார்த்த லாபத்துக்குக் கணக்கும் கேட்கலாம்.

அமெரிக்காவில் ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் இழப்பீடு, வேண்டுமென்றே செய்திருந்தால் 1,50,000 வரை என்று சட்டமே வரம்பு போட்டிருக்கிறது. நம் சட்டத்தில் அப்படி இல்லை. அந்தப் படத்துக்கு அண்ணன் வழக்கமாக என்ன கட்டணம் வாங்குவார் என்பதை நாம்தான் காட்ட வேண்டும்.

உரிமை இருப்பதே தெரியாது, இருக்கும் என்று நினைக்க நியாயமான காரணமும் இல்லை என்று எதிராளி நிரூபித்தால் இழப்பீடு கிடையாது. தடை உத்தரவும் லாபத்தில் நீதிமன்றம் சொல்லும் பங்கும்தான். சரி, பெயரைத் தேடி அழித்தவர் அதை எப்படி நிரூபிப்பார்?

அண்ணா, மூல ஃபைலையும் பழைய பில்களையும் பத்திரமா வையுங்க. 62-வது பிரிவுப்படி வழக்கை நம்ம மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். நானும் கூட வருகிறேன்.