வாகன வடிவம்: அமரர் ஊர்தி

"சிறப்புப் பயன்பாடுன்னு மட்டும் போடு தம்பி, அது பொய் இல்லையே" என்றார் அண்ணன். ஜப்பான் ஏலத்தில் வந்த பழைய கார் ஒன்றை விற்க, அதன் விவரத்தை நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

பொய் இல்லைதான். ஜப்பான் பதிவுத் தாளில் பயன்பாடு என்ற கட்டத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அதே தாளில் வாகன வடிவம் என்று இன்னொரு கட்டமும் உண்டு. அதில் இருந்தது, அமரர் ஊர்தி.

வாங்க வந்தவர் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடக் கேட்டார். படத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்து ரோல்ஸ் ராய்ஸா என்றார். முகப்பைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். வேறு நிறுவனக் கார்களுக்கு அந்தக் காலத்து முகம் வைக்கும் வேலையில் ஜப்பானின் டொயாமா ஊர் மிட்சுவோகா நிறுவனம் கைதேர்ந்தது. கதவுக் கைப்பிடியும் ஸ்விட்சுகளும்தான் அடியில் இருப்பது நிசான் என்று காட்டிக்கொடுக்கும். ஏலப் படத்தில் நம்பர் பிளேட்டின் வகை எண் 8இல் தொடங்கியது. சிறப்புப் பயன்பாட்டு வண்டிகளுக்கான எண் அது, ஆம்புலன்ஸுக்கும் அதே 8தான். பின்பக்கக் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். சவப்பெட்டியை உருட்டி ஏற்றும் உருளைகளைக் கழற்றிவிட்டிருந்தார்கள். திருகு ஓட்டைகள் மட்டும் இரண்டு வரிசையாக, சம இடைவெளியில் இருந்தன.

இரண்டு கட்டத்தையும் எழுதி அவருக்கு அனுப்பினேன். வேண்டாம் என்று பதில் வந்தது.

மணமக்கள் ஏறப்போகும் வண்டி, சொல்லாமல் எப்படி விற்பது? இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்புறம்தான் வேறொன்று உறுத்துகிறது. ஜப்பானில் முன்பெல்லாம் கோயில் கூரையும் பொன் வேலைப்பாடுமாக அமரர் ஊர்திகள் ஓடின. பார்த்ததும் சாவு நினைவுக்கு வருகிறது என்று மக்கள் முகம் சுளித்தார்கள். சில ஊர்களின் தகன மேடைகளில் அவற்றை உள்ளே விடுவதே இல்லை. அதனால்தான் தெருவில் போனால் வெறும் பெரிய கார் என்று தோன்றும்படி இந்த மாதிரி வண்டிகள் பெருகின. அமைதியாகப் போகட்டும் என்று யாரோ பார்த்துப் பார்த்துக் கட்டியதை, ஒரே சொல்லில் நான் பிணவண்டி ஆக்கிவிட்டேனா?

இல்லை, அந்தச் சொல் தாளில் இருந்ததுதானே. அண்ணன் சொன்னதும் தாளில் இருந்ததுதான்.

ஒரு குடும்பம் தன் பெரியவரைக் கடைசியாக மரியாதையோடு அனுப்பிவைத்த வண்டி அது. புறப்படும்போது நீளமாக ஒரு ஹாரன் அடிப்பார்கள், எல்லோரும் கும்பிட்டுத் தலைகுனிவார்கள். அதில் அசிங்கம் என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. மறுபடி அப்படி ஒரு தாள் வந்தாலும் இரண்டு கட்டத்தையும் எழுதத்தான் போகிறேன். ஆனால் இதையெல்லாம் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எப்படி எழுதுவது?