விரல்கூட அசையவில்லை

ஜூன் 3, 2025, செவ்வாய். கொழிஞ்சாம்பாறை

நேற்று வீட்டுக்கு வந்தோம். பாப்பா தூங்குகிறாள். எனக்குக் கண்ணை மூடவே பயமாக இருக்கிறது.

வியாழன் ராத்திரி, பிரசவத்துக்குப் போன இடத்தில், வயிற்றிலிருந்த பாப்பாவின் இதயத்துடிப்பு திடீரென்று இறங்கியது. உடனே சிசேரியன் என்றார்கள். முதுகில் ஊசி போட நேரமில்லை, முழு மயக்கம்தான் என்றார்கள். முகத்தில் மாஸ்க் வைத்தார்கள். அப்புறம் ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் சத்தம் கேட்டது. தட்டில் கத்தரி விழுந்த சத்தம். வயிற்றுக்குள் யாரோ கையை விட்டு இழுக்கிறார்கள், எரிகிறது. கத்தப் பார்த்தேன், விரல்கூட அசையவில்லை. மூச்சுகூட நானாக விடவில்லை. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். "பெண்குட்டியாணு. பதினொந்நு இருபத்தெட்டு" என்று மலையாளத்தில் சொன்னது ஒரு குரல். பெண் குழந்தை, பதினொன்று இருபத்தெட்டு. அதற்குமேல் நினைவில்லை.

ஜூன் 5, வியாழன்

அத்தையிடம் சொன்னேன். "மயக்கத்துல கனவு வரும் கண்ணு" என்றார். வார்டு சிஸ்டரும் அன்றைக்கு அதையேதான் சொன்னார். இன்று டிஸ்சார்ஜ் சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். பிறந்த நேரம் 11.28. அதுவரை யாரும் எனக்கு அந்த நேரத்தைச் சொல்லியிருக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

தையல் காட்டப் போன இடத்தில், மயக்க டாக்டரைப் பார்க்காமல் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். வந்தார். நான் முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. "நீங்க கேட்டது கனவில்லை. என்னை மன்னிக்கணும்" என்றார். வராந்தாவில் நின்று அழுதேன்.

தூங்க வைக்கும் மருந்து வேறு, தசையை முடக்கும் மருந்து வேறாம். முதலாவதன் பிடி தளர்ந்தாலும் இரண்டாவது உடம்பைக் கட்டிப்போட்டிருக்கும். அதனால்தான் வெளியே யாருக்கும் தெரியாது. அவசர சிசேரியனில் குழந்தைக்கும் மருந்து போய்விடுமே என்று மயக்கத்தை ஆழமாக்கத் தயங்குவார்கள். முதல் ஊசியின் வேகம் குறைந்து, மயக்க வாயு போதுமான அளவு சேர்வதற்குள் ஓர் இடைவெளி விழுந்துவிடலாம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் எடுத்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், முழு மயக்கம் கொடுத்தவர்களில் சுமார் 19,000 பேருக்கு ஒருவர் இப்படி நினைவிருந்ததாகச் சொல்லியிருக்கிறார். சிசேரியனில் மட்டும் அது 670 பேருக்கு ஒருவர்.

என் ஃபைலில் எழுதிவைத்தார். இனி எந்த ஆபரேஷன் என்றாலும் மயக்க டாக்டரிடம் முதலில் இதைச் சொல்லச் சொன்னார். தூக்கத்தில் கெட்ட கனவு தொடர்ந்தால் மனநல டாக்டரிடம் அனுப்புவாராம்.

ஜூன் 12, வியாழன்

நேற்று மூன்று மணிநேரம் தூங்கினேன்.

காலையில் அத்தை பாப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "அன்னைக்கு என்ன கேட்டுச்சு? திரும்பச் சொல்லு கண்ணு" என்றார். கத்தரி விழுந்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.