பரந்தன் சந்தியில் நின்ற டபிள் கப்

2025 பெப்ரவரி 3

எங்கள் டபிள் கப் பிக்கப் கிளிநொச்சிப் பக்கம் பரந்தன் சந்திக்கு முன்னால் இன்றும் நின்றுவிட்டது. பின்னால் பத்து மூடை காலபோக நெல். பொனற்றைத் திறந்து, டீசல் பில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பை அமத்தினேன். பஞ்சை அமத்துவது போல இருந்தது. முப்பது தரம் அமத்திய பிறகுதான் இறுகியது. சாவியைத் திருப்ப, வெள்ளைப் புகை கக்கி எழும்பியது. இந்தக் கிழமையில் இது மூன்றாவது தடவை.

வண்டி 1994 டொயோட்டா ஹைலக்ஸ், எல்என் 106 மொடல், 3எல் என்ற 2779 சிசி டீசல் எஞ்சின். முப்பது வருடம் ஓடிய வாகனத்தில் ரப்பர் பழுதாவது அதன் குற்றமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து இதைத்தான் பிள்ளை மாதிரிப் பார்க்கிறோம். இப்போது இறக்குமதி திறந்துவிட்டது என்கிறார்கள். புதுசு வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை.

பெப்ரவரி 4

ஒரு கராச்சில் காட்டினேன். அவர் எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. "பம்ப் முடிஞ்சுது அண்ணை, கழட்டிக் கொழும்புக்கு அனுப்ப வேணும்" என்றார். அவர் சொன்னது எஞ்சினுக்குள் டீசலை அழுத்தித் தெளிக்கும் பம்பை. கேட்ட காசு எங்கள் ஒரு போக வருமானத்தில் பாதி.

எனக்கு மனம் ஒப்பவில்லை. தேய்ந்த பம்ப் என்றால் சூட்டில்தான் அடம் பிடிக்கும். டீசல் சூடாகி இளகும்போது தேய்ந்த இடுக்குகளால் நழுவிவிடும், அழுத்தம் ஏறாது. எங்களுடையது மாசிப் பனிக் குளிரில்தான் படுத்துகிறது, சூடேறி ஓடிய பிறகு நிறுத்தி எடுத்தால் ஒரு சுற்றில் எழும்பும். இன்னொன்றையும் கவனித்தேன். டீசல் தாங்கி நிறைய இருந்தால் கரைச்சல் குறைவு, பாதிக்குக் கீழே போனால்தான் கூடுகிறது. தாங்கியில் எவ்வளவு கிடக்கிறது என்று பம்புக்கு எப்படித் தெரியும்?

பெப்ரவரி 5

முதலில் குளோ பிளக், குளிரில் ஸ்ரார்ட் பண்ண எஞ்சினுக்குள் சூடாக்கிக் கொடுப்பது. நான்கையும் மல்ரிமீற்றரில் பார்த்தேன். மூன்று ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டின, ஒன்று செத்துப்போயிருந்தது. புகைக்கு அதுவும் ஒரு காரணம், மாற்றவே வேண்டும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினைக் குளோ பிளக் நிறுத்தாது.

பெப்ரவரி 6

பில்டருக்கும் பம்புக்கும் இடையில் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே தெரியும் கண்ணாடி ஹோஸ் (பிளாஸ்ரிக்) போட்டேன். ஸ்ரார்ட் பண்ணி ரோர்ச் அடித்துப் பார்த்தால், தேன்நிற டீசலுக்குள் கடுகளவு குமிழிகள் வரிசையாகப் போகின்றன. நடுவில் ஒரு பெரிய குமிழி வந்தது. அது பம்புக்குள் போன அடுத்த கணமே எஞ்சின் ஒரு தரம் திக்கியது. அப்பா பக்கத்தில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டவர், "காத்துக் குடிக்குது" என்றார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை நேரம் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மனுசன். எஞ்சின் எதைக் குடிக்கிறது என்று அவருக்குச் சத்தத்திலேயே தெரியும்.

இந்த எஞ்சினில் டீசலைத் தள்ளிவிடத் தனிப் பம்ப் கிடையாது. முன்னால் எஞ்சினில் இருக்கும், டீசலைத் தெளிக்கும் பம்பே தாங்கியிலிருந்து முழு வழியையும் உறிஞ்சுகிறது. அதனால் ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே ஒழுகாது, காற்றுத்தான் உள்ளே போகும். கீழே ஈரம் தேடிப் படுத்துக் கிடந்தது வீண்.

பெப்ரவரி 7

ஐந்து லீற்றர் கானில் டீசல் ஊற்றி, பொனற்றுக்குப் பக்கத்தில் உயரமாக வைத்து, நேரே பில்டருக்குக் கொடுத்தேன். குமிழி நின்றது. சந்தோசப்பட்டு எல்லாவற்றையும் அடுக்கி வைத்த பிறகுதான் உறைத்தது. கான் உயரத்தில் இருந்தால் டீசல் தானே இறங்கி வரும், உறிஞ்ச வேண்டிய தேவையே இல்லை. பில்டர் தலையில் கசிவு இருந்தாலும் அது மறைந்துவிடும். திரும்பவும் கழற்றி, கானை நிலத்தில் வைத்து ஓடவிட்டேன். பத்து நிமிடம் பார்த்தும் ஒரு குமிழி இல்லை.

சரி, பில்டரும் கைப்பம்பும் சுத்தம். கோளாறு தாங்கிக்கும் பில்டருக்கும் இடையில்தான்.

பெப்ரவரி 9

தாங்கியை இறக்கினோம். டீசலைக் கான்களில் வடித்து, கீழே மரக்குற்றி முண்டு கொடுத்து, தம்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். துருப்பிடித்த ஆணிகள் இரண்டு அரை நாளைத் தின்றன.

தாங்கியின் மேல்பக்கத்தில், இரும்புக் குழாயோடு சேரும் இடத்தில், ஒரு விரல் நீள ரப்பர் ஹோஸ். எப்போதோ யாரோ அதன் மேல் சைக்கிள் ரியூப்பைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். டீசல் பட்டு ரியூப் ஊதி, விரலில் கறுப்பாக ஒட்டியது. அதை உரித்து ஹோஸை மெல்ல வளைத்தேன். வயல்காரன் குதிக்கால் போல வெடிப்பு வெடிப்பாகத் திறந்தது. நிமிர்த்தினால் மூடிக்கொள்கிறது. தாங்கி நிறைய இருந்தபோது கரைச்சல் குறைந்ததற்கும் இதுதான் காரணம். டீசல் மட்டம் இதற்குக் கிட்ட நிற்கும், உறிஞ்சும் இழுவை குறையும். மட்டம் இறங்க இழுவை கூடி, வெடிப்பால் காற்று போகும். இரவில் நிற்கும்போது அதே வெடிப்பால் காற்று நுழைய, குழாயில் இருந்த டீசல் தாங்கிக்கே திரும்பியிருக்கிறது.

பெப்ரவரி 10

டீசலுக்கென்றே வரும் 8 மில்லிமீற்றர் ஹோஸ், புதுக் கிளிப்புகள். மிஞ்சும் டீசல் தாங்கிக்குத் திரும்பும் குழாயின் ஹோஸும் அதே வயசு, அதையும் மாற்றினேன். செத்த குளோ பிளக்கை எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது மெல்லமெல்லத் திருகிக் கழற்றினேன். அவசரப்பட்டால் முறிந்து எஞ்சின் தலைக்குள் மாட்டும். பிறகு கைப்பம்பு இறுகும்வரை அமத்திக் காற்றை எடுத்தோம். முழுச் செலவும் அந்தக் கராச்சுக்காரர் கேட்டதில் இருபதில் ஒரு பங்கு வராது.

பெப்ரவரி 14

நான்கு காலையும் முதல் சுற்றிலேயே எழும்பியது. தாங்கியை வேண்டுமென்றே கால்வாசிக்கு இறக்கி, பத்து மூடையோடு பரந்தன் தாண்டிப் போய் வந்தோம். அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு வழிமுழுக்கச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். எதுவும் சொல்லவில்லை.

பின்னேரம் கண்ணாடி ஹோஸைக் கழற்றிப் பழையபடி ரப்பர் போட்டேன். எஞ்சின் சூட்டில் கண்ணாடி ஹோஸ் விறைத்து வெடிக்கும், நிரந்தரமாக விடக்கூடாது. கழற்றுவதற்கு முன் கடைசியாக ஒரு தரம் ரோர்ச் அடித்துப் பார்த்தேன். குமிழியே இல்லை, டீசல் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை.