எச்.எஸ்.சி. வேதியியல்: கணக்கைத் தொடும் முன் பாத்திரங்களை வரையுங்கள்

காவடித் திருவிழா வேலைகளுக்கு நடுவே எச்.எஸ்.சி. (இங்கே மொரீஷியஸில் பள்ளி முடிக்கும்போது எழுதும் தேர்வு) முடிவு வந்தது. வேதியியலில் ஏ. அப்பாடா என்று இருக்கிறது, கொஞ்சம் கோபமும் இருக்கிறது. லோயர் சிக்ஸ் (எச்.எஸ்.சி.யின் முதல் ஆண்டு) படிக்கும் தம்பி தங்கைகள் சிலர் "மூன்றாம் தாளுக்கு, அதான் செய்முறைத் தேர்வுக்கு, எப்படித் தயாரானீங்க அக்கா?" என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இது. தாளின் அமைப்பு உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

நான் வேகமாகக் கணக்குப் போடுகிறவள் இல்லை. மனக்கணக்கு சுத்தமாக வராது. அதனால் எந்த டைட்ரேஷன் (ஒரு கரைசலோடு வினைபுரிய இன்னொன்று எவ்வளவு செலவாகிறது என்று அளப்பது) கணக்கு வந்தாலும் முதலில் பாத்திரங்களை வரைந்துவிடுவேன். இடது பக்கம் கரைசல் தயாரித்த பெரிய குடுவை, நடுவில் கூம்புக் குடுவை, அதற்கு மேலே பியூரெட், அதாவது அளவுக்கோடுகள் போட்ட, அடியில் குழாய் உள்ள நீண்ட கண்ணாடிக் குழல். எதிலிருந்து எதற்கு எடுத்தோம் என்று அம்புக்குறி. ஒவ்வொன்றின் கீழும் அதில் எத்தனை மோல் (வேதியியலில் பொருளின் அளவை எண்ணும் அலகு) என்று எழுதுவேன். படம் கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை.

ஓர் உதாரணம். நீரேறிய சோடியம் கார்பனேட் 3.58 கிராம். அதைக் கரைத்து 250 கன செ.மீ. ஆக்குகிறோம். அதில் 25.0 எடுத்தால், லிட்டருக்கு 0.100 மோல் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் 25.00 கன செ.மீ. செலவாகிறது. படிகத்தில் எத்தனை நீர்?

பியூரெட்டின் கீழ் 0.00250 மோல் அமிலம். ஒரு கார்பனேட்டுக்கு இரண்டு அமிலம், ஆகவே கூம்புக் குடுவையின் கீழ் 0.00125. பெரிய குடுவையில் அதன் பத்து மடங்கு, 0.0125. 3.58ஐ இதால் வகுத்தால் ஒரு மோல் படிகத்தின் எடை 286.4. நீரற்ற உப்பின் 106ஐக் கழித்து, மீதியை 18ஆல் வகுத்தால் 10.02. விடை 10.

இப்போது கவனியுங்கள். அந்தப் பத்து மடங்கை விட்டால் 2864 வரும், நீர் 153 வரும். யாருக்கும் உடனே சந்தேகம் வந்துவிடும், திரும்பிப் பார்ப்பீர்கள். ஆனால் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தை விட்டால் 143.2 வரும், நீர் 2.07. பார்க்க அழகான முழு எண்! சந்தோஷமாக அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள். உண்மையில் ஆபத்தான தவறு இதுதான். படம் இருந்தால் இரண்டு குடுவைக்கும் இடையில் விகிதம் எழுத வேண்டிய இடம் காலியாக நின்று கண்ணைக் குத்தும்.

கோபம் எதற்கென்றால், நான் போன லெசோனில் (தனிப் பயிற்சி வகுப்பில்) இதற்கெல்லாம் ஒரே ஒரு சூத்திரம்தான்: செறிவையும் கனஅளவையும் பெருக்கி, விகித எண்ணால் வகு, இரண்டு பக்கமும் சமம். ஆய்வகம் பக்கமே போகாமல் கரும்பலகையிலேயே டைட்ரேஷன் நடத்தி முடித்தார்கள். நேரடிக் கணக்குக்குச் சூத்திரம் போதும். பின் தரம்பார்த்தல் (அமிலத்தை மிகையாக ஊற்றி, மிஞ்சியதை டைட்ரேஷனில் அளப்பது) வந்தால் கைவிட்டுவிடும்.

நம் கடற்கரை வெள்ளை மணல் பெரும்பாலும் பவளச் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். அதை வைத்தே ஒரு கணக்கு (எண்கள் நான் போட்டவை). 1.00 கிராம் மணலில் 0.0500 மோல் அமிலம் ஊற்றி, நுரைத்து முடிந்ததும் 250 ஆக்கி, அதில் 25.0 எடுக்கிறோம். லிட்டருக்கு 0.100 மோல் உள்ள சோடியம் ஹைட்ராக்சைடு 31.60 செலவாகிறது. மிஞ்சிய அமிலம் (பத்து மடங்காக்கி) 0.0316, செலவானது 0.0184, கார்பனேட் அதில் பாதி 0.0092, அதாவது 0.92 கிராம், நூற்றுக்கு 92. கழிக்கும் இடத்தைப் படத்தில் காட்டிவிட்டால் இதில் பயப்பட ஒன்றுமில்லை.

மற்றவை, சுருக்கமாக:

- பியூரெட் வாசிப்பு 24 அல்ல, 24.00. இரண்டாம் தசம இடத்தில் 0 அல்லது 5தான் வரும்.
- 0.10க்குள் ஒத்துப்போகும் வாசிப்புகளுக்கு மட்டும் சராசரி. முதல் தோராய வாசிப்பைச் சேர்க்காதீர்கள்.
- பியூரெட்டை அதில் ஊற்றப்போகும் கரைசலால் கழுவுங்கள், கூம்புக் குடுவையைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டும். நிரப்பியதும் புனலை எடுத்துவிடுங்கள்.
- பெர்மாங்கனேட்டுக்கு நிறங்காட்டி (முடிவை நிறம் மாறிக் காட்டும் பொருள்) வேண்டாம். கரைசல் அடர்நிறம், மேல் விளிம்பைப் படியுங்கள். இரும்பு(II) ஐந்து மோலுக்குப் பெர்மாங்கனேட் ஒரு மோல்.
- அயோடின் கணக்கில் ஸ்டார்ச்சை வைக்கோல் நிறம் வந்த பிறகே சேருங்கள்.
- நடுவில் எண்களைச் சுருக்காதீர்கள். கடைசி விடை மட்டும் மூன்று அல்லது நான்கு பொருளுறு இலக்கம்.

எடையறி பகுப்பாய்வில் சொல்ல அதிகம் இல்லை: சூடாக்கு, ஆறவிடு, நிறு, எடை மாறாமல் நிற்கும் வரை திரும்பச் செய். பிழைச் சதவீதக் கேள்வி சும்மா கிடைக்கும் மதிப்பெண். ஒவ்வொரு பியூரெட் வாசிப்பிலும் 0.05 பிழை, வாசிப்பு இரண்டு, ஆக 0.10. 25.00க்கு அது 0.4 சதவீதம்.

கூட்டாகப் படிப்பவர்களுக்கு என் முறை சலிப்பாக இருக்கலாம். எனக்குத் தனியாக உட்கார்ந்து வரைந்தால்தான் மண்டையில் ஏறும்.

உப்பு ஆய்வுக்கு (உப்பில் என்ன அயனிகள் என்று கண்டுபிடிப்பது) அட்டவணையைத் தாளிலேயே தருகிறார்கள், மனப்பாடம் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். வீழ்படிவின் நிறத்தோடு, மிகையாகச் சேர்த்தால் கரைகிறதா இல்லையா என்பதையும் எழுதுங்கள். எதுவும் நடக்காவிட்டால் 'மாற்றம் இல்லை' என்று எழுதுங்கள், கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.