லேப்டாப்பை நண்பர் வீட்டுக்கு அனுப்பச் சொன்ன கதை

புது வேலையில் சேர்ந்து இன்றோடு 10 நாள். நியாயமாக ஒரு மாதம் ஆகியிருக்க வேண்டும். நடுவில் போன 3 வாரத்துக்குக் காரணம் நானே அனுப்பிய ஒரு வரி மெயில்.

செயற்கை நுண்ணறிவு மாடல்களைப் பயிற்றுவிக்கும் சிப்களுக்கு மென்பொருள் எழுதும் வேலை. இன்டர்வியூவெல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. ஆஃபர் வந்ததும் வழக்கமான பிஜிவி (பின்னணிச் சரிபார்ப்பு)தானே, டிகிரியும் ரிலீவிங் லெட்டரும் கேட்பார்கள் என்று நினைத்தேன். படிவத்தைத் திறந்தால் 7 வருட முகவரிகள், ஒரு மாதம்கூட இடைவெளி இருக்கக் கூடாது. எல்லா வெளிநாட்டுப் பயணமும் தேதியோடு. வெளியில் எங்காவது இயக்குநராகவோ ஆலோசகராகவோ இருக்கிறேனா, வேறு நாட்டு அரசின் நிதி எதையாவது வாங்கியிருக்கிறேனா என்றும் கேள்விகள்.

பயணத் தேதிகளை நினைவிலிருந்து எழுதியது முதல் தப்பு. தானியங்கி வாசல் வழியாகப் போனால் பல விமான நிலையங்களில் பாஸ்போர்ட்டில் முத்திரையே விழாது. ஒரு பயணத்தின் தேதியை ஒரு மாதம் தள்ளி எழுதிவிட்டேன். அந்தத் தேதியில் நான் பழைய ஆபீசில் வேலை பார்த்ததாக வேறு பக்கத்தில் இருந்தது! பழைய மெயிலைத் தோண்டி டிக்கெட்டுகளை எடுத்துக் கொடுத்துச் சரிசெய்தேன். படிவத்தைத் தொடுவதற்கு முன்பே டிக்கெட்டுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, முன்பு வேலை பார்த்த ஒரு சின்ன கம்பெனி மூடப்பட்டுவிட்டது. “நிறுவனத்தைத் தொடர்புகொள்ள இயலவில்லை” என்று 3 முறை திருப்பி அனுப்பினார்கள். இல்லாத கம்பெனியில் யார் போனை எடுப்பது? சம்பளம் வரவு வைத்த வங்கி ஸ்டேட்மென்ட்டையும் அந்த ஆண்டுகளின் வரிக் கணக்கையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கிப் போட்டேன், மறுநாளே ஏற்றுக்கொண்டார்கள். முதல் முறையே இதைக் கேட்டிருக்கலாம்.

இந்த இழுபறிக்கு நடுவில்தான் வீடு மாறிக்கொண்டிருந்தேன். வேலைக்கான லேப்டாப்பைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. “லேப்டாப்பை என் நண்பர் முகவரிக்கு அனுப்பிவிடுங்கள்” என்று ஒரு வரி தட்டிவிட்டேன். மறுநாள் போர்ட்டலில் என் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. எச்.ஆருக்கு எத்தனை மெயில் போட்டாலும் “பரிசீலனையில் உள்ளது” என்ற அதே பதில். நானோ ஏற்கெனவே பேப்பர் போட்டு, நோட்டீஸ் பீரியடின் கடைசி வாரத்தில் இருந்தேன். கையில் ஆஃபர் லெட்டர் இருந்தாலும் சரிபார்ப்பு முடிந்ததாக எழுத்தில் வரும்வரை பேப்பர் போடாதீர்கள். “சரிபார்ப்புக்கு உட்பட்டது” என்ற வரி ஆஃபரிலேயே இருந்தது. நான்தான் சம்பளத்தை மட்டும் பார்த்தேன்.

6 நாள் கழித்துப் பாதுகாப்புக் குழுவிலிருந்து வீடியோ அழைப்பு. பின்னால் மூட்டை முடிச்சுகள் கிடந்ததால் பின்னணியை மங்கலாக்கியிருந்தேன். இருக்கும் இடத்தை இணையத்தில் மறைக்கும் வி.பி.என். ஓடிக்கொண்டிருந்ததும் நினைவில்லை. நான் கொடுத்திருந்ததோ இணையவழி போன் எண். மூன்றும் அந்தக் குழுவின் பட்டியலில் உள்ள, ஆள் போலியோ என்று சந்தேகிக்க வைக்கும் அறிகுறிகள். மங்கலை எடுக்கச் சொன்னார்கள், கையை முகத்துக்குக் குறுக்கே மெதுவாக அசைக்கச் சொன்னார்கள் (போலி முகமாக இருந்தால் அந்த இடத்தில் பிசிறடிக்கும்), பாஸ்போர்ட்டைச் சாய்த்துக் காட்டச் சொன்னார்கள். நண்பர் யார், எத்தனை நாள் பழக்கம் என்று அரை மணி நேரம். எரிச்சலாகத்தான் இருந்தது. கடைசியில் அந்த அதிகாரி, “தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க கேட்டதையேதான் அவங்களும் கேப்பாங்க” என்றார்.

யார் அந்த ‘அவங்க’ என்று அப்புறம் தேடிப் படித்தேன். அடுத்தவர் அடையாளத்தில், தொலைவிலிருந்து பார்க்கும் வேலைகளில் சேரும் வடகொரியர்கள். நோபிஃபோர் (KnowBe4) என்ற இணையப் பாதுகாப்புப் பயிற்சி நிறுவனமே 2024 ஜூலையில், தெரியாமல் ஒரு வடகொரியரை வேலைக்கு எடுத்துவிட்டதாக வெளியில் சொன்னது. 4 வீடியோ இன்டர்வியூ நடந்திருக்கிறது, பின்னணிச் சரிபார்ப்பிலும் தேறியிருக்கிறார். காட்டிய அடையாளம் திருடியது, ஆனால் அதற்குரியவர் நிஜமானவர். லேப்டாப் போய்ச் சேர்ந்ததும் அதில் தீநிரல் ஏற ஆரம்பித்திருக்கிறது. அரிசோனாவில் ஒரு பெண் இப்படிப்பட்டவர்களுக்கு வரும் லேப்டாப்புகளைத் தன் வீட்டிலேயே ஓடவிட்டுக்கொண்டிருந்தார். சோதனையில் 90க்கும் மேல் சிக்கின. 2025 ஜூலையில் அவருக்கு எட்டரை ஆண்டு சிறை. இதையெல்லாம் படித்த ஒருவருக்கு என் ஒரு வரி எப்படித் தெரிந்திருக்கும்!

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்து ஆட்களோடு சேர்ந்து எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படிவத்தில் சொல்லாமல் விடும்படி ஒரு நண்பர் அறிவுரை சொன்னார். நான் மறைக்காமல் படிவத்தில் எழுதிவிட்டேன், அதைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் கைதான கூகுள் பொறியாளர் மீதான குற்றப்பத்திரிகையில், சிப் ரகசியங்களை நகலெடுத்ததோடு, சீன நிறுவனங்களோடு இருந்த தொடர்பை மறைத்ததும் சேர்ந்தே இருக்கிறது. மறைத்து எழுதி அப்புறம் மாட்டினால், கட்டுரைக்குப் பதில் மறைத்ததற்குத்தான் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

லேப்டாப்பை நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று முடிவாயிற்று. ஒரிஜினல் பாஸ்போர்ட்டோடு போனேன். வரவேற்பில் இருந்தவர் புது முகவரிக்கு ஆதாரம் கேட்டார். மெயிலில் அப்படி எதுவுமில்லை என்றேன். “எல்லாருக்கும் போற மெயில்தான் சார், இருக்குமே” என்றார். மெயிலைத் திறந்து காட்டினேன், இல்லை. அதற்காகக் கொடுத்துவிடுவாரா என்ன? வாடகை ஒப்பந்தத்தோடு மறுபடி இன்னொரு நாள் போனேன். அன்று 5 நிமிட வேலை.

சேர்ந்த முதல் வாரத்தில் எல்லாரும் எடுத்தாக வேண்டிய பாதுகாப்புப் பயிற்சி. முடிவில் ஒரு தேர்வு. 4ஆவது கேள்வி, புதிதாகச் சேர்பவரிடம் எதைக் கண்டால் தகவல் தெரிவிக்க வேண்டும் என்பது. இரண்டாவது விடை: “லேப்டாப்பை வேறொரு முகவரிக்கு அனுப்பச் சொல்வது.” அதைத்தான் டிக் செய்தேன். சரி என்று பச்சையில் வந்தது.