சோப்பு நுரையும் ரிஸ்க் ஃபைலும்

2019ல அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்ன கம்பெனில குவாலிட்டி எக்சிக்யூட்டிவா சேர்ந்தேன், படிச்சது பயோமெடிக்கல். தொண்டைல அடைக்கிற சளி, ஆபரேஷன்ல வர்ற ரத்தம் இதெல்லாம் உறிஞ்சி எடுக்கிற சக்ஷன் மெஷின்தான் எங்க சரக்கு. அப்போ ஸ்டென்ட், கதீட்டர் மாதிரி கொஞ்சம் ஐட்டத்துக்குத்தான் சட்டம், நாங்க மிக்ஸி செய்றவங்க மாதிரி செஞ்சு மிக்ஸி மாதிரியே வித்துட்டு இருந்தோம்.

2020 பிப்ரவரில நோட்டிபிகேஷன் வந்துச்சு. ஏப்ரல் 1லருந்து எல்லா மெடிக்கல் டிவைஸும் மருந்து சட்டத்துக்குள்ள வரும், பதிவு பண்ண 18 மாசம் டைம், 2021 அக்டோபர் 1லருந்து பதிவு நம்பர் இல்லாம விக்க முடியாதுன்னு. ஓனர், "தள்ளிப் போடுவாங்கம்மா, கொரோனா வேற"ன்னாரு. தள்ளிப் போடல. கடைசி மாசம் பதிவு பண்ற அரசாங்க போர்ட்டலைத் திறந்தா, மெடிக்கல் டிவைஸ் கம்பெனிக்குக் குடுக்கற தரச் சான்றான எங்க ஐஎஸ்ஓ 13485 சர்டிபிகேட்ல பழைய ஷெட் நம்பர், லேபிள்ல புது ஷெட் நம்பர். அதைத் திருத்தி வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

நம்பர் வந்த அன்னிக்கு ஓனர் ஸ்வீட் வாங்கிக் குடுத்தாரு. எனக்கு மட்டும் ஒரு மாதிரி இருந்துச்சு, ஏன்னா மெஷினை யாருமே பாக்கல, பேரு அட்ரஸ் மாடல் சர்டிபிகேட் ஏத்தினோம், நம்பர் வந்துச்சு, அவ்ளோதான். இதை வச்சு "அரசாங்க அங்கீகாரம்"னு சேல்ஸ் பசங்க டாக்டர்கள்ட்ட சொல்லிட்டுத் திரிஞ்சாங்க, நான் சண்டை போட்டேன், கேக்கல.

நிஜமான வேலை, பதிவுக்கு அப்புறம் வாங்க வேண்டிய லைசென்ஸுக்குத்தான். ஆபத்தைப் பொறுத்து டிவைஸை ஏலருந்து டி வரைக்கும் கிளாஸ் பிரிச்சிருப்பாங்க, எங்களது கிளாஸ் பி. ஏ, பி ரெண்டுக்கும் 2022 அக்டோபர் 1 கெடு, மாநில அதாரிட்டிக்கு எம்டி 3ங்கற ஃபார்ம்ல அப்ளிகேஷன். அதுக்கு ரிஸ்க் ஃபைல் எழுதணும், ஒவ்வொரு பாகமும் சொதப்புனா என்ன ஆகும்னு. உறிஞ்சின சளியும் ரத்தமும் சேர்ற ஜாடி நிரம்பினா என்ன ஆகும்னு எழுத உக்காந்தேன். ஃபோர்மேன் அண்ணே சிரிச்சாரு. "மிதவை மேல வந்து ஓட்டைய அடைச்சுக்கும்மா, இதக்கூடவா எழுதணும்?"

டெஸ்ட் பண்ணிருக்கோமாண்ணேன்னு கேட்டேன். தண்ணி ஊத்திக் காட்டினாரு, டக்குனு அடைச்சுது. சளில நுரை வருமேண்ணேன்னு சொன்னதும் ஒண்ணும் பேசாம கேன்டீன்லருந்து பாத்திரம் கழுவற சோப்பை எடுத்துட்டு வந்து கலக்கி மறுபடி ஓட்டினாரு. நுரை மிதவையைத் தூக்கவே இல்ல, அது பாட்டுக்கு பக்கத்துல நழுவி டியூப்ல ஏறி பம்புக்குள்ள போயிடுச்சு. மோட்டார் சத்தமே மாறிப்போச்சு. சர்வீஸுக்கு வர்ற பம்புல பாதி உள்ள பிசுபிசுன்னு துருப்பிடிச்சு வர்றதுக்குக் காரணம் அப்பத்தான் புரிஞ்சுது, அத்தனை வருஷமா ஆஸ்பத்திரிக்காரங்க சரியா யூஸ் பண்ணலன்னு திட்டிட்டிருந்தோம்.

தண்ணி ஏறினா அடைச்சுக்கிற ஃபில்டர் ஒண்ணு தனியா காசு வாங்கி விப்போம், அதை எல்லா மெஷின்லயும் சேர்க்கச் சொன்னேன். வெலை ஏறும்னு ஓனர் ரெண்டு வாரம் இழுத்தாரு, ஃபைல்ல ரிஸ்க்குன்னு எழுதிட்டு தடுக்காம விட்டா லைசென்ஸுக்காக செக் பண்ண வர்ற ஆடிட்டர் கேப்பாரு சார்னு சொன்னதும்தான் கையெழுத்துப் போட்டாரு. ஆடிட்டர் அந்தப் பக்கத்தைப் பாக்கவே இல்லங்கறது வேற விஷயம், அவரு அளக்கற கருவியெல்லாம் சரியா காட்டுதான்னு சொல்ற காலிப்ரேஷன் சர்டிபிகேட்டைத்தான் புரட்டிட்டு இருந்தாரு. ஆனா டெஸ்டிங் பெஞ்ச்ல இப்பவும் ஒரு சோப்பு டப்பா இருக்கு, ஃபோர்மேன் அண்ணே யாரையும் தொட விடமாட்டாரு.